ஹாம்ஸ்டரா, கினிப்பன்றியா? அல்சூர் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு, அதற்கு மேலே மொட்டை மாடிதான். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. பகலில் வீட்டில் இருப்பவர் மாமியார், அவருக்கு ஆஸ்துமா. மாமனார் போன வருடம் தவறிவிட்டார். தினமும் சாயங்காலம் பேரனை அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் வந்தவர் அவர். அதற்குப் பிறகு பையன் சரியாகப் பேசுவதில்லை, விளையாடக் கீழே இறங்குவதில்லை. பள்ளித் தோழன் வீட்டில் ஹாம்ஸ்டர் என்ற எலி மாதிரியான சின்னப் பிராணியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நிறுத்தாமல் பேசியிருக்கிறான். ஏப்ரலில் அவனுக்குப் பிறந்த நாள். நாய் கூடாது என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார், கூண்டில் வைக்கிற சின்னப் பிராணி என்றால் பரவாயில்லையாம். சிவாஜி நகர் பக்கம் ஒரு கடையில் விசாரித்தபோது ஹாம்ஸ்டர், கினி பிக் (கினிப்பன்றி, வாலில்லாத, ஹாம்ஸ்டரைவிடப் பெரிய எலி வகைப் பிராணி) இரண்டில் எதையும் ஜோடியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எது குழந்தைகளோடு நன்றாகப் பழகும், எதற்கு வேலை குறைவு, மாமியாருக்கு எது ஒத்துக்கொள்ளும், கடித்தால் ரேபிஸ் ஊசி போட வேண்டுமா என்று கேட்கிறார். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு சேலம் போய்வருவதையும் சொல்லியிருக்கிறார்.

போகிற போக்கில் வேறு இரண்டு விஷயமும் எழுதியிருக்கிறார். ஒன்று, நாத்தனார் பிரசவத்துக்காக மார்ச்சில் இங்கே வருகிறார், மே மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். இன்னொன்றை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "ஹாம்ஸ்டர் சீக்கிரம் செத்துப்போகும் என்கிறார்கள். அப்படி நடந்தால் அவனுக்குத் தெரியாமல் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி வைத்துவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். மாமா இறந்தபோதும் பையன் பயந்துவிடுவான் என்று அவனைச் சேலத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்."

உங்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குக் கினிப்பன்றி. இரண்டு வாங்குங்கள், இரண்டும் பெண்ணாக இருக்கட்டும். ஆனால் ஏப்ரலில் வேண்டாம். தீபாவளிப் பட்டாசு ஓயட்டும், அப்புறம் வாங்கலாம். அதற்குள் உங்கள் அத்தையின் மூச்சு விஷயம் தெளிவாகியிருக்க வேண்டும். அது தெளிவாகாவிட்டால் இரண்டுமே வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

மாற்றி வைப்பது பற்றி

கடைசி விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும். தயவுசெய்து மாற்றி வைக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அப்பா என் கிளினிக்குக்கு ஒரு ஷூ பெட்டியோடு வந்தார். உள்ளே கைத்துண்டில் சுற்றிய ஹாம்ஸ்டர், உயிர் போய் அரை நாளாகியிருந்தது. மகள் பள்ளிவிட்டு வருவதற்குள் இதே மாதிரி ஒன்று வாங்கியாக வேண்டும், வயது எவ்வளவு இருக்கும், ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அவரும் தேடிப்பிடித்து வாங்கிவிட்டார். பத்து நாள் கழித்து அந்தப் பெண் குழந்தை புது ஹாம்ஸ்டரைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வந்தாள். "இது என்னோடது இல்ல டாக்டர். என்னோடதுக்கு இந்தக் காதுல ஒரு சின்ன வெட்டு இருந்துச்சு" என்று இடது காது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒரு மில்லிமீட்டர் வெட்டு. அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தினமும் அதை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். விஷயம் வெளியே வந்த பிறகு அவள் அந்த இரண்டாவது ஹாம்ஸ்டரைத் தொடவே இல்லையாம், வீட்டில் யாரோ தீனி போட்டு வளர்த்தார்கள். அன்றைக்கு அந்த அப்பாவை நான் தடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் மகன் ஏற்கெனவே ஒரு முறை சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் தாத்தா இல்லை. நீங்கள் செய்தது அவன் மேல் உள்ள அக்கறையில்தான், எத்தனையோ வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள், அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பையனுக்கு இன்னொரு முறை, ஒரு கூண்டுக்குள்ளே, அதே மாதிரி நடக்கக் கூடாது. எந்தப் பிராணி வாங்கினாலும் அது இறக்கும். அந்த நாளில் அவனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தொட விரும்பினால் தொடட்டும், 'செத்துப்போச்சு' என்ற வார்த்தையையே சொல்லுங்கள். 'தூங்குது', 'ஊருக்குப் போயிருக்கு' என்று சொன்னால் சின்னவளுக்கு ராத்திரி தூங்கவே பயமாகிவிடும். இதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளின் மனநலம் என் துறை கிடையாது, அதனால் அளவோடு சொல்கிறேன். ஒரு வருடமாகப் பையன் ஒதுங்கியே இருக்கிறான் என்றால் ஒரு பிராணியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனிப் பிரிவே இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்புறம் ஒன்று, யாராவது அவனைச் சாயங்காலம் திரும்பவும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். கூழைக்கடா வருகிற ஏரி அது. தாத்தாவோடு போன வழியில் அப்பாவோடு நடந்தால் அவனாகவே ஏதாவது பேசுவான்.

ஹாம்ஸ்டர் ஏன் வேண்டாம் என்கிறேன்

"இரண்டு மூன்று வருடம் இருந்தால் போதும், அப்புறம் அவன் வளர்ந்துவிடுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாம்ஸ்டரின் ஆயுள் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 2 வருடம், மிஞ்சினால் 3. அதாவது உங்கள் மகனின் 11, 12 வயதில் வீட்டில் இன்னொரு சாவு. கினிப்பன்றி நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 வருடம் இருக்கும். நீங்கள் லாபமாகப் பார்த்த அந்தக் குறைந்த ஆயுளை இந்தப் பையன் விஷயத்தில் நான் நஷ்டமாகத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் ஹாம்ஸ்டரின் இயல்பு. அது ராத்திரிப் பிராணி. குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்து மூடியைத் திறக்கும்போது அது நல்ல தூக்கத்தில் இருக்கும், எழுப்பினால் பயத்தில் கடிக்கும், ஊசி மாதிரிப் பல். ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு சக்கரம் கடகடவென்று சுற்றும். தோழன் வீட்டில் உங்கள் மகன் பார்த்தது மாலை நேரத்து நல்ல பத்து நிமிடமாக இருக்கும்.

அதன் பூர்வீகம் தெரிந்தால் இது புரியும். 1930இல் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு கோதுமை வயலை ஆழமாகத் தோண்டி, தாயும் குட்டிகளுமாக ஒரு வளையை எடுத்தார்கள். ஜெருசலேமிலிருந்து அகரோனி என்ற விலங்கியலாளர் அதற்காகவே போயிருந்தார். இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கிற தங்க நிற சிரிய ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஈற்றின் வழி வந்தவை. மண்ணுக்குள் ஆழமாக, தனியாக வாழ்ந்த உயிர் அது. அதனால் கடைக்காரர் சொன்ன 'ஜோடி' சிரிய ஹாம்ஸ்டருக்குச் சுத்தமாக ஆகாது. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சண்டை போட்டு ஒன்று மற்றதைக் கொன்றேவிடும். அதுபோல, கையடக்கமான கலர் கலர் பிளாஸ்டிக் கூண்டும் அதற்குப் போதாது. குறைந்தது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், உள்ளே வளை தோண்ட ஒரு சாண் உயரத்துக்குப் படுக்கை, முதுகு வளையாமல் ஓட 28 செ.மீ. சக்கரம் என்று வைத்தால்தான் அது நிம்மதியாக இருக்கும். சின்னது என்பதால் செலவு குறைவு என்று நினைத்தீர்கள். சில நூறு ரூபாய்க்கு வாங்குகிற ஹாம்ஸ்டருக்கு வீடு கட்டுவதில் அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

ஹாம்ஸ்டர் கெட்ட பிராணி என்று சொல்லவில்லை. ராத்திரி கண்விழித்துப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. உங்கள் வீட்டில் 5 வயதுக் குழந்தை பகலில் தூக்க ஆசைப்படுகிறாள். அதுதான் இடிக்கிறது.

கினிப்பன்றி, அதன் சாப்பாடு

கினிப்பன்றி பகலில் விழித்திருக்கும், கடிப்பது அபூர்வம், மடியில் துண்டு விரித்து வைத்தால் அடங்கி உட்காரும். ஆண்டீஸ் மலையில் கூட்டமாக வாழ்ந்த வம்சம், அதனால் ஒற்றையாக வைத்தால் வாடிப்போகும். சுவிட்சர்லாந்தில் அதைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் குழந்தைகள் எவ்வளவு கொஞ்சினாலும் பள்ளி நேரம் ஏழு மணி நேரம், அந்த நேரத்துக்கு அதற்கு அதன் இனத்தில் ஒரு துணை வேண்டும்.

"எலி வகைதானே, வீட்டில் மிஞ்சியதைப் போடலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பெரிய தப்பு நடக்கும். அத்தை ஆசையாகத் தயிர் சாதம் பிசைந்து வைப்பார், சின்னவள் பிஸ்கட் கொடுப்பாள். இரண்டுமே அதன் குடலுக்குச் சேராது. கினிப்பன்றியின் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல், நாள் முழுக்கத் தட்டில் இருக்க வேண்டும். அதன் பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். புல் கிடைக்காத கினிப்பன்றியின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறேன், கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் பாலம் மாதிரி வளைந்து நாக்கை அமுக்கிப் பிடித்திருந்தன. பசி இருக்கிறது, எதிரே தீனி இருக்கிறது, விழுங்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, எடை மட்டும் குறையும்.

சிலர் வைக்கோல் போட்டுவிட்டுப் புல் போட்டதாக நினைக்கிறார்கள். நெல் வைக்கோலில் வயிறு நிரம்பும், சத்து கிடையாது. பிராணித் தீனிக் கடைகளில் மூட்டையாக விற்கிற உலர்ந்த புல்லைக் கேட்டு வாங்குங்கள். பச்சைக்கு அருகம்புல் அருமையானது. மார்க்கெட்டில் பிள்ளையாருக்கு விற்கிற கட்டில் என்ன மருந்து தெளித்தார்களோ தெரியாது, நன்றாக அலசிப் போட வேண்டும், வீட்டிலேயே வளர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது விட்டமின் சி. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது (ஹாம்ஸ்டர் தயாரித்துக்கொள்ளும்). ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை சாப்பாட்டில் கிடைத்தாக வேண்டும். லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு கினிப்பன்றியைத் தூக்கி வந்தார்கள், கால் உடைந்துவிட்டது என்று சொல்லி. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மூட்டைத் தொட்டாலே கத்துகிறது, பின்னங்காலை இழுக்கிறது, முடி கரடுமுரடாக நிற்கிறது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பிரெட், வெள்ளரிக்காய், லவ் பேர்ட்ஸுக்குப் போடுகிற தானியம். கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்த அதே ஸ்கர்வி. விட்டமின் சி கொடுக்க ஆரம்பித்து ஒரு வாரத்தில் எழுந்து நடந்தது. இது வராமலே இருக்க, தினமும் விரல் அளவில் இரண்டு துண்டு குடைமிளகாயும் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழையும் போதும். நெல்லிக்காயில் ஒரு சின்னச் சீவல் எப்போதாவது கொடுக்கலாம். தண்ணீரில் சொட்டு மருந்து கலக்கச் சொல்வார்கள், அது கொஞ்ச நேரத்தில் வீரியம் போய்விடும், நம்பாதீர்கள். முருங்கைக்கீரை, பசலையை அடிக்கடி போட்டால் சிறுநீர்ப்பையில் கல் வரலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு அறவே வேண்டாம்.

வேலை குறைவா என்று கேட்டீர்கள். குறைவு இல்லை. இரண்டு கினிப்பன்றிக்கு 4 அடிக்கு 2 அடியாவது இடம் வேண்டும், கம்பித் தரை கூடாது, பாதம் புண்ணாகும். மூத்திரம் நிறையப் போகும், ஈரமான இடத்தை அன்றன்றைக்கு மாற்ற வேண்டும். பையன் பார்த்துக்கொள்வான் என்று கணக்குப் போட வேண்டாம். 9 வயதில் ஆசை உண்மையானது, நினைவுதான் நிற்காது. தட்டில் புல் இருக்கிறதா என்று ராத்திரி கடைசியாகப் பார்க்கப்போகிறவர் நீங்கள். அதற்கு மனம் ஒப்பினால் வாங்குங்கள். சேலம் போகிற இரண்டு நாளும் யாராவது காலையும் மாலையும் வந்து பார்க்க வேண்டும், அந்த ஆளை வாங்குவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாத்தனார் வருகிற நேரம்

ஏப்ரல் வேண்டாம் என்று சொன்னதற்கு முக்கியமான காரணம் இதுதான். உங்கள் கடிதத்தில் இதை ஆபத்து என்று நினைத்து எழுதவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எல்.சி.எம். என்று ஒரு வைரஸ் இருக்கிறது. வீட்டுச் சுண்டெலிதான் அதற்கு இருப்பிடம். கடையிலோ குட்டி போட வைக்கிற இடத்திலோ சுண்டெலி நடமாட்டம் இருந்தால் ஹாம்ஸ்டருக்கும் கினிப்பன்றிக்கும் தொற்றலாம், பார்வைக்குப் பிராணி நன்றாகவே இருக்கும். அதன் மூத்திரம், புழுக்கை, கூண்டைத் தட்டும்போது பறக்கிற தூசி வழியாக மனிதருக்கு வரும். நமக்கு வந்தால் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் மாதிரிப் போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், வயிற்றில் உள்ள குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். அரிதாகத்தான் நடக்கும். ஆனாலும் கர்ப்பிணிகள் இந்த வகைப் பிராணிகளிடமிருந்து விலகியே இருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் தீர்மானமான அறிவுரை. பிரசவத்துக்கு வருகிற பெண்ணை இரண்டு படுக்கையறை வீட்டில் எங்கே விலக்கி வைப்பீர்கள்?

பிரசவம் முடிந்த பிறகும் அவசரம் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் பிராணிகளிடமிருந்து சால்மொனெல்லா என்ற கிருமி வரலாம், வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும், அதனால் 5 வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டுக்கு இவை உகந்தவை அல்ல என்பார்கள். உங்கள் சின்னவளே அந்தக் கோட்டில்தான் நிற்கிறாள், தொட்ட ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும். நாத்தனார் கைக்குழந்தையோடு அவர் வீட்டுக்குப் போன பிறகு தொடங்குங்கள்.

ஏப்ரல், மே வெயிலும் ஒரு காரணம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு அந்த மாதங்களில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கினிப்பன்றிக்கு வியர்க்காது, 27, 28 டிகிரி தாண்டினாலே திணற ஆரம்பிக்கும், ஃபேன் காற்று மட்டும் அதற்கு உதவாது. வடக்குப் பக்க அறை, ஈரத்துணி சுற்றிய மண் ஓடு, துணியில் சுற்றிய ஐஸ் பாட்டில் எல்லாம் அடுத்த கோடைக்குள் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த பிராணியை நேராக அந்த வெயிலில் இறக்க வேண்டாம். தீபாவளி வேட்டுச் சத்தத்தில் பயந்து தீனி எடுக்காமல் போன கினிப்பன்றிகள் வருடா வருடம் என்னிடம் வரும், அதனால்தான் அதையும் தாண்டச் சொன்னேன்.

அத்தையின் ஆஸ்துமா

ஹாம்ஸ்டர் சின்னது, முடி குறைவு, அதனால் ஒவ்வாமை வராது என்ற எண்ணம் சரியில்லை. முடி பெரிய காரணமே இல்லை. தோல் செதில், எச்சில், மூத்திரம் இவற்றில் உள்ள புரதம்தான் மூச்சைத் தூண்டும், அது இரண்டுக்கும் உண்டு. கினிப்பன்றி என்றால் கூடவே புல் தூசியும் சேரும். தீபாவளிக்கு முன்னால் இருக்கிற மாதங்களில் அத்தையின் மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். கினிப்பன்றி வளர்க்கிற தெரிந்தவர் வீட்டில் இரண்டு மூன்று தடவை ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும், இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு. இழுப்பு வந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. பகல் முழுக்க அந்த வீட்டில் மூச்சு விட வேண்டியவர் அவர், பேரனுக்காக "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடுவார், அதை ஏற்காதீர்கள்.

கடி, மருந்து, கடை

ரேபிஸ் பயம் உங்களுக்கு வேண்டாம். கூண்டில் பிறந்து வளர்ந்த ஹாம்ஸ்டரோ கினிப்பன்றியோ கடித்தால் பொதுவாக அந்த ஊசி தேவைப்படுவதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் காட்டுங்கள், மற்றதை அவர் முடிவு செய்யட்டும். நிஜத்தில் அடிக்கடி வருவது படர்தாமரை. பிராணியின் மூக்கைச் சுற்றி முடி கொட்டி, குழந்தையின் கையில் வட்டமாகத் தடிப்பு வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும்.

இதை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்: குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் (ஆன்டிபயாட்டிக்) சிரப்பை ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், முயல் எல்லாவற்றுக்கும் அது குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே வாங்கிவிடும். நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே கினிப்பன்றிக்கு அவசரம்தான், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. எல்லாக் கிளினிக்கிலும் இவற்றைப் பார்ப்பதில்லை, முன்கூட்டியே போன் செய்து கேட்டு வையுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

கடை என்று பார்த்தால், 2018இல் வந்த மத்திய அரசின் பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த கடைதான் விற்கலாம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஆணும் பெண்ணுமாக ஜோடி வாங்கவே வாங்காதீர்கள். கினிப்பன்றிப் பெண் குட்டி 4 வாரத்திலேயே கருத்தரிக்கக்கூடும், குட்டி போட்ட சில மணி நேரத்தில் மறுபடியும் சினையாகும். முதல் சினை 7, 8 மாத வயதுக்கு அப்புறம் வந்தால் இடுப்பெலும்பு இறுகிப்போய்க் குட்டி வெளியே வராமல் போகலாம், அப்போது வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டுமே பெண் என்று கடையில் சொல்வது பாதி நேரம் தவறாக இருக்கும், அது அவர்கள் ஏமாற்றுவதால் மட்டும் இல்லை, குட்டியில் பார்த்துச் சொல்வது நிஜமாகவே கஷ்டம். வளர்க்க முடியாமல் கொடுத்துவிட நினைக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. வளர்ந்த, பழகிய இரண்டு பெண் கினிப்பன்றி அப்படிக் கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் விருப்பம்.

பிறந்த நாளுக்கு என்ன செய்வது

அவனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவனுடைய அத்தைக்கு, அதாவது உங்கள் நாத்தனாருக்கு, பாப்பா பிறக்கப்போகிறது, அது வரைக்கும் பொறுக்க வேண்டும், பாட்டிக்கு மூச்சு ஒத்துக்கொண்டால் தீபாவளிக்கு அப்புறம் இரண்டு கினிப்பன்றி வரும், ஒத்துக்கொள்ளாவிட்டால் வராது. முகம் வாடும், வாடட்டும். அன்றைக்கு இரண்டு அகலமான மண்தொட்டி, கொஞ்சம் அருகம்புல் வேர், ஒரு சமையல் தராசு, ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். புல்லை பால்கனியில் நட்டுத் தண்ணீர் ஊற்றி அவன் வளர்க்கட்டும், வெட்ட வெட்டத் துளிர்ப்பதைப் பார்க்கட்டும். நடுவில் பத்து நாள் மறந்து காயவிட்டால் திட்டாதீர்கள், நீங்கள் ஊற்றுங்கள். தராசு பின்னால் வேண்டும். வாரா வாரம் இரண்டையும் எடை பார்த்து நோட்டில் குறிப்பது அவன் வேலை. 50 கிராம் குறைந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும், கினிப்பன்றியின் நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்தத் தராசுதான்.

வந்த புதிதில் இரண்டும் அட்டைப் பெட்டிக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும், கையை நீட்டினால் ஓடும். அந்த முதல் வாரம் யாரும் தூக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லித் தண்டை நீட்டினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தமோ காய்கறிக் கவர் சரசரக்கிற சத்தமோ கேட்டாலே முன்னங்காலைத் தூக்கி நின்று விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் ஒரு தடவை மருத்துவரிடம் கொண்டுபோய் இரண்டும் பெண்தானா, பல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பையனையும் கூட்டிப்போங்கள், கீழே உள்ளங்கை கொடுத்துத் தூக்குவது எப்படி என்று அங்கேயே ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.